1.5 என்னும் எண்: துகள் நிரப்பிய எப்பாக்சியில் வெப்பமும் விறைப்பும்

துகள் நிரப்பிய எப்பாக்சியின் விறைப்பையும் வெப்பக் கடத்துதிறனையும் ஒரே சமன்பாட்டில் அடக்கிவிடலாம் என்ற கருத்து லாரன்ஸ் நீல்சனால் வேரூன்றியது. 1970-இல் லூயிஸுடன் சேர்ந்து பாகியல் மீள்மைக்காக வகுத்த வடிவத்தை 1973-இல் அவர் வெப்பத்துக்கும் நீட்டினார். எப்பாக்சியில் அலுமினாவோ சிலிக்காவோ எவ்வளவு சேர்ப்பது என்று கணக்கிடுவோர் இன்றும் அதை நாடுகிறார்கள். அதன் பயனை நான் மறுக்கவில்லை. அது பலிப்பதையே சான்றாக்கி, வெப்பமும் விறைப்பும் ஒரே விதிக்குக் கட்டுப்பட்டவை என்று வாசிப்பதைத்தான் மறுக்கிறேன்.

நீல்சன் கோளத்துகளுக்குக் கொடுத்த வடிவ எண் 1.5. நீர்மத்தில் மிதக்கும் கோளங்களுக்கு ஐன்ஸ்டைன் கண்ட 2.5-இலிருந்து (1906-இல் பிழையாக வந்து, 1911-இல் திருத்தப்பட்ட எண் அது) ஒன்றைக் கழித்தால் இது கிடைக்கும். கெர்னர் 1956-இல் தந்த விறைப்புக் கோட்பாட்டிலோ இந்த எண் பாய்சான் விகிதத்தைப் பொறுத்தது: அவ்விகிதம் 0.5 ஆனால் 1.5 வரும், இறுகிய எப்பாக்சிக்குப் பொருந்தும் 0.35-ஐ இட்டால் ஏறத்தாழ 1.17 தான். எந்த வழியில் வந்தாலும், அமுக்கினால் பருமன் மாறாத ஊடகத்தின் முத்திரை அந்த எண்ணில் இருக்கிறது. வெப்ப ஓட்டத்துக்குப் பாய்சான் விகிதம் என்று ஒன்று கிடையாது. கோளங்கள் அருகிக் கிடக்கும் ஊடகத்துக்கு மேக்ஸ்வெல் 1873-இலேயே கணக்கைத் தீர்த்துவிட்டார். அங்கே இந்த இடத்தில் நிற்பது 2. துகள் எப்பாக்சியைவிடப் பல மடங்கு நன்றாகக் கடத்துமானால், மிகக் குறைந்த நிரப்பலில் கடத்துதிறன் பருமப் பின்னத்தைப்போல் 3 மடங்கு விகிதத்தில் உயர வேண்டும். நீல்சனின் எண் தருவது 2.5 மடங்கு. தோராயங்களுக்கு இடமே இல்லாத எல்லையில் நேரும் தவறு இது.

அப்படியானால் அடர்ந்த நிரப்பலில் அவர் வளைகோடு மேக்ஸ்வெல்லை வெல்வது எப்படி என்று கேட்கலாம். பாதிப் பருமன் துகளாக இருக்கும்போது மேக்ஸ்வெல் 4 மடங்கு உயர்வு தருகிறார். நீல்சன் ஏறத்தாழ 6.3. ஆனால் அவர் சேர்த்த உச்ச நெருக்கம் (ஒழுங்கற்று அடைந்த கோளங்களுக்கு 0.637) என்ற உறுப்பை நீக்கினால் 6.3 வெறும் 3.5-ஆகச் சரிகிறது. அதை வைத்துக்கொண்டு 1.5-க்குப் பதில் 2 இட்டால் 7.2. வெற்றி நெருக்கத்தின் வடிவியலுக்கு உரியது; விறைப்பிலிருந்து கடன் வாங்கிய எண்ணுக்கு அதில் பங்கில்லை.

கண்ணாடிநிலை மாற்றம் இதை இன்னும் தெளிவாக்குகிறது. அந்த வெப்பநிலையைக் கடக்கையில் எப்பாக்சியின் விறைப்பு நூறு மடங்களவில் சரிகிறது. மீட்டருக்கு கெல்வினுக்கு 0.2 வாட் அளவிலான அதன் கடத்துதிறன் அதிகம் அசைவதில்லை. துகளுக்கும் ஊடகத்துக்கும் உள்ள வேறுபாடு ஒரு பண்பில் தாவுகிறது, மற்றதில் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

துகள்–எப்பாக்சி எல்லையில் சான்று மெலிவு. ஆயினும் என் வாதத்தை அங்கேதான் அழுத்துவேன். 1974-இல் காரெட்டும் ரோசன்பர்க்கும் ஹீலிய வெப்பநிலை வரை இறங்கி எப்பாக்சி–தூள் கலவைகளை அளந்தபோது, அந்த எல்லையின் வெப்பத் தடை மேலோங்கியது. துகள் சிறுத்தால் எல்லைப்பரப்பு பெருகும்; தடையும் பெருகும். நீல்சனின் வடிவத்தில் துகளின் ஆரமே இல்லை. அறைவெப்பநிலையில் மைக்ரான் அளவுத் துகள்களுக்கு இது பொதுவாகச் சிறிய திருத்தமே என்பதை ஒப்புக்கொள்கிறேன். 1987-இல் ஹாசல்மனும் ஜான்சனும் ஆரத்தைச் சேர்த்தது மேக்ஸ்வெல்லின் வடிவத்தில். அதில் நெருக்கம் இல்லை. இரண்டும் ஒருங்கே வரும் நுண்துகள் கலவைகளில், பருமப் பின்னத்தை மாற்றாமல் ஆரத்தை மட்டும் மாற்றி அளந்தாலன்றி எதன் பங்கு எவ்வளவு என்று பிரிக்க இயலாது.