துப்பாக்கிக் குழலின் துருவும் நீரால் கழுவும் வழக்கமும்: பிரைமர் உப்பு குறித்த வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

புகையற்ற வெடிமருந்து வழக்கிற்கு வந்த பின்னர், எண்ணெயிட்டுத் துடைத்து வைத்த ரைஃபிள் குழல்களும் துருவேறின. ஒரு தலைமுறைக் காலம் அதன் பழி வெடிமருந்தின் மீதே சுமத்தப்பட்டது. உண்மைக் காரணமோ தோட்டாவின் பிரைமர் விட்டுச்சென்ற உப்பாகும். காரணம் தெளிவாகும் முன்பே தீர்வு கையாளப்பட்டதையும், தெளிவான பின்னும் அவ்வுப்பு படைத்துறைத் தோட்டாக்களில் நீடித்ததையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: பிரைமர், பொட்டாசியம் குளோரேட், கார்டைட், துரு, குழல் தூய்மை

முன்னுரை

தோட்டாவின் அடிப்பகுதியில் பொருத்தப்பட்டு, ஊசி அடித்தவுடன் தீப்பற்றி உள்ளிருக்கும் வெடிமருந்தை எரியச்செய்யும் சிறு கிண்ணமே பிரைமர் எனப்படுகிறது. அதிலுள்ள கலவை மிகச் சிறிதளவே. ஆயினும், ரைஃபிள் பராமரிப்பு வரலாற்றில் ஏறத்தாழ நூறாண்டுக் காலச் சிக்கலுக்கு அதுவே ஊற்றுக்கண்ணாக விளங்கியது. ஸ்காட்லாந்துப் பாதிரியார் அலெக்சாண்டர் ஃபோர்சைத் 1807இல் காப்புரிமை பெற்ற தட்டுவெடி முறையிலேயே பொட்டாசியம் குளோரேட் இடம்பெற்றிருந்தது. பின்னர் வந்த கலவைகளிலும் அது தொடர்ந்தது. குளோரேட் எரிகையில் தன் ஆக்சிஜனை இழந்து பொட்டாசியம் குளோரைடாக மாறுகிறது. இது சமையல் உப்பின் நெருங்கிய உறவு. இரும்பின்மீது அதே வேலையைச் செய்யும் உறவு.

கரிமருந்துக் காலம்

வெடியுப்பு, கந்தகம், கரி ஆகியவற்றாலான கரிமருந்து எரியும்போது அதன் எடையில் பாதிக்கு மேல் திடக் கழிவாக எஞ்சும். சில வேட்டுகளிலேயே குழல் அடைத்துக்கொள்ளும். எனவே நீரூற்றிக் கழுவுவதைத் தவிர வேறு வழியில்லை. அக்கழுவலில் பிரைமரின் உப்பும் யாரும் அறியாமலே வெளியேறியது. நோய் இருந்தும் அது வெளித்தெரியாத காலம் அது எனலாம்.

பிரான்சில் பால் வியேல் 1884இல் புகையற்ற வெடிமருந்தை உருவாக்கினார். பிரிட்டன் 1889இல் கார்டைட்டுக்கு உரிமம் பெற்றது. நீலகிரியின் அரவங்காட்டில் 1903இல் நிறுவப்பட்ட தொழிற்சாலையும் இந்தக் கார்டைட் உற்பத்திக்கெனத் தோன்றியதே. புதிய மருந்து குழலில் மெல்லிய படிவை மட்டுமே விட்டது. எண்ணெய்த் துணியால் இருமுறை இழுத்தால் குழல் பளிச்சிட்டது. கண்ணுக்குக் கழிவு தெரியாதபோது தண்ணீர் எதற்கு என்ற எண்ணம் இயல்பாகவே எழுந்தது. இரும்பின்மேல் தண்ணீர் ஊற்றுவதைத் தவறெனக் கருதும் பொதுப்புத்தியும் அதற்குத் துணைநின்றது.

‘வியர்க்கும்’ குழல்

மாலையில் பளபளத்த குழலில் மறுநாள் துணியை இழுத்தால் செம்பழுப்புக் கறை படிந்தது. மீண்டும் துடைத்து எண்ணெயிட்டாலும் மூன்றாம் நாள் அதே கறை தோன்றியது. எஃகின் நுண்துளைகளுக்குள் அழுத்தப்பட்ட வெடிவாயு மெல்லக் கசிவதாகக் கொண்டு, குழல் ‘வியர்க்கிறது’ என விளக்கினர். வெடிமருந்திலிருந்து பிறந்த நைட்ரிக அமிலமே குற்றவாளி என்பது மற்றொரு விளக்கம். இவ்விளக்கங்கள் வேதியியல் பிழை என்ற அளவில் நின்றுவிடவில்லை. குழல் துருப்பிடிப்பது படைவீரனின் கவனக்குறைவாகக் கொள்ளப்படும் அமைப்பில், முறைப்படி எண்ணெயிட்டவனும் குற்றவாளியாகவே நிற்க நேர்ந்தது.

அமிலக் கொள்கை ஒரு மயக்கத்தையும் வளர்த்தது. அமிலத்தை முறிக்கக் காரம் வேண்டும் எனக் கருதி அம்மோனியா, சலவைச் சோடா ஆகியவற்றின் கரைசல்களைப் பயன்படுத்தினர். துருவும் நின்றது. ஆனால் அங்கே முறிப்பதற்கு அமிலமே இல்லை. வேலை செய்தது கரைசலிலிருந்த தண்ணீர். அம்மோனியா உண்மையில் கரைத்தது தோட்டாவின் உலோக உறை குழலில் விட்ட செம்புப் படிவையே. வெற்றி பெற்ற மருந்து தவறான கொள்கைக்குச் சான்றாகிவிட்டது. இந்நம்பிக்கை இன்றும் முற்றிலும் மறையவில்லை.

பிரிட்டிஷ் படையிலோ கொதிநீர் வழக்கம் நிலைபெற்றது. லீ–என்ஃபீல்டு ரைஃபிளின் பின்புறத்தில் புனலைப் பொருத்திக் கொதிநீரை ஊற்றி, இழுகயிற்றில் கட்டிய பிளானல் துணியால் உலர்த்தி, பின்னர் எண்ணெயிடுவர். அவ்வெண்ணெய் ‘ரங்கூன் எண்ணெய்’ எனப்பட்டது. உப்பைக் கரைக்கக் கொதிநீர்தான் வேண்டும் என்பதில்லை: 20 பாகை செல்சியசில் 100 கிராம் நீர் ஏறத்தாழ 34 கிராம் பொட்டாசியம் குளோரைடைக் கரைக்கும். கொதிநீரின் தனிப்பயன் வேறு. சூடேறிய குழல் தானே விரைவில் உலர்ந்துவிடும்.

1922: காரணம் நிறுவப்படுதல்

அமெரிக்கச் சுரங்கத் துறையைச் சார்ந்த வில்பர்ட் ஹஃப் 1922இல் வெளியிட்ட தொழில்நுட்ப ஆய்வறிக்கை, எண்ணெய்ப் படலத்தின் அடியில் நிகழும் அரிப்பைத் தன் தலைப்பிலேயே சுட்டியது. குழலில் எஞ்சிய பொட்டாசியம் குளோரைடே துருவுக்குக் காரணம் என அது நிறுவியது. உப்பு எண்ணெயில் கரையாது. எனவே எண்ணெய் அதன் மேல் போர்வையாகப் படிகிறதேயன்றி அதை அகற்றுவதில்லை. காற்றின் ஒப்பு ஈரப்பதம் ஏறத்தாழ 84 விழுக்காட்டைக் கடந்தால் அவ்வுப்பு நீரை ஈர்த்துத் தானே கரைசலாகும். வறண்ட நாளில் வியர்க்காத குழல் மழைநாளில் வியர்த்த புதிர் இவ்வாறு அவிழ்ந்தது.

குளோரேட் இல்லாத பிரைமர் அதற்கு முன்னரே தோன்றியிருந்தது. ஜெர்மனியின் ஆர்.டபிள்யூ.எஸ். நிறுவனம் 1901இல் பேரியம் நைட்ரேட் கலந்த ‘துருவற்ற’ பிரைமரை வெளியிட்டது. ஈயஸ்டிஃப்னேட்டை அடிப்படையாகக் கொண்ட ‘சினாக்சிட்’ 1920களின் பிற்பகுதியில் வந்தது. வேட்டைத் தோட்டாக்கள் விரைவாக மாறின, படைத்துறை மாறவில்லை. பாதிக்கு மேல் குளோரேட் கொண்ட கலவையையே அமெரிக்கப் படை தன் முதன்மை ரைஃபிள் தோட்டாவில் 1950களின் தொடக்கம் வரை பயன்படுத்தியது. ஆனால் 1941இல் ஏற்கப்பட்ட எம்1 கார்பைனுக்கு மட்டும் தொடக்கத்திலிருந்தே துருவேற்றாத பிரைமர் வழங்கப்பட்டது. ஆகவே, அறியாமையைக் காரணமாகக் கூற இயலாது. பல்லாண்டுகள் கிடங்கில் கிடந்தாலும் தவறாமல் தீப்பற்றும் என்ற உறுதியே குளோரேட்டைக் காத்தது. தோட்டாவின் நம்பகத்தன்மைக்கான விலையைக் குழலும், அதைக் கழுவும் கைகளும் செலுத்தின.

எஞ்சிய தோட்டாக்கள்

சோவியத் ஒன்றியமும் கிழக்கு ஐரோப்பிய நாடுகளும் குளோரேட் பிரைமரை இன்னும் நீண்ட காலம் பயன்படுத்தின. பனிப்போருக்குப் பின் அவற்றின் கிடங்குத் தோட்டாக்கள் உபரிச் சரக்காக அமெரிக்கா, கனடா முதலிய நாடுகளின் சந்தைகளுக்கு வந்தன. பழைய சிக்கலும் உடன் வந்தது. குழலுக்குக் குரோமியப் பூச்சு இருந்தாலும், வாயுவால் இயங்கும் ரைஃபிளின் உந்துதண்டு, வாயுக்குழாய், பூட்டின் முகப்பு ஆகிய இடங்களிலும் உப்பு படிகிறது என்பதைப் புதிய உரிமையாளர்கள் துருவைக் கண்டே கற்றனர்.

சோவியத் படையின் வழக்கம் இங்கு நோக்கத்தக்கது. ஒரு லிட்டர் நீரில் 200 கிராம் அம்மோனியம் கார்பனேட்டும் 3 முதல் 5 கிராம் பொட்டாசியம் டைகுரோமேட்டும் கரைத்த நீர்மத்தால் குழலைத் துடைத்தனர். மோசின்–நாகன்ட் ரைஃபிளுடன் வீரனுக்கு வழங்கப்பட்ட சிறு தகரக் குப்பிக்கு இரு கழுத்துகள். உள்ளே இரு தனி அறைகள். ஒன்றின்மேல் காரக் கரைசலைக் குறிக்கும் ரஷ்ய எழுத்தும் மற்றொன்றின்மேல் எண்ணெயைக் குறிக்கும் எழுத்தும் பொறிக்கப்பட்டிருந்தன. முதலில் கரைசல், உலர்த்திய பின்னரே எண்ணெய்.