வின்ஆம்ப் ஸ்கின்கள்: 275-க்கு 116 படப்புள்ளிகளின் வரலாறு

மென்பொருள் வரலாறு பெரும்பாலும் அதை எழுதியவர், விற்றவர், வாங்கியவர் ஆகியோரின் வரலாறாகவே எழுதப்பட்டு வருகிறது. பயன்படுத்தியோர் அதன்மீது செய்த கைவேலைக்கு அதில் அடிக்குறிப்பளவு இடம்கூடக் கிடைப்பதில்லை. வின்ஆம்ப் என்னும் இசை இயக்கி மென்பொருளுக்காகப் பல்லாயிரம் பேர் வரைந்த ‘ஸ்கின்’கள் இவ்வாறு விடுபட்டுப்போனவற்றுள் முதன்மையானவை.

ஜஸ்டின் ஃபிராங்கெல், டிமிட்ரி போல்டிரெவ் என்னும் இரு இளைஞர்கள் எழுதிய வின்ஆம்ப், 1997 ஏப்ரலில் வெளிவந்தது. ஏஎம்பி என்ற எம்பி3 நிரலை விண்டோஸுக்குக் கொண்டுவந்ததால் அதற்கு அப்பெயர். 1998 செப்டம்பரில் வெளியான இரண்டாம் பதிப்பு உலகெங்கும் பரவியது. மறு ஆண்டே அதன் நிறுவனமான நல்சாஃப்ட்டை அமெரிக்கா ஆன்லைன் (ஏஓஎல்) வாங்கிக்கொண்டது. வழக்கமான வரலாறுகள் இந்த விற்பனையிலேயே நின்றுவிடுகின்றன.

வின்ஆம்பின் இயல்பான தோற்றம், வீட்டு அலமாரியில் இருக்கும் ஸ்டீரியோ கருவியின் சாயல் கொண்டது: கருஞ்சாம்பல் உடல், பச்சை எண்கள், பத்து அலைவரிசைகளுக்குப் பத்துத் தள்ளுகோல்கள் உள்ள ஈக்வலைசர். விண்டோஸ் தரும் பொதுச் சாளர அமைப்பை அது ஏற்கவில்லை. தலைப்புப் பட்டை முதல் மூடும் பொத்தான் வரை யாவற்றையும் தானே படங்களாக வரைந்துகொண்டது. முகம் முழுவதும் படமாகவே இருக்கும் மென்பொருளில் படங்களை மாற்றினால் முகமே மாறிவிடும். அந்த வாய்ப்பைப் பயனருக்குத் திறந்துவிட்டதுதான் ஸ்கின்.

அதன் கட்டமைப்பு வியப்பூட்டும் அளவுக்கு எளியது. சில பிஎம்பி படங்களும் ஓரிரு எழுத்துக் கோப்புகளும் ஜிப் முறையில் கட்டப்பட்ட ஒரு மூட்டை. பின்னொட்டு மட்டும் டபிள்யூஎஸ்இசட் என மாற்றப்பட்டிருக்கும். முதன்மைச் சாளரம் 275 படப்புள்ளி அகலமும் 116 படப்புள்ளி உயரமும் உடையது. இயக்கு, நிறுத்து, அடுத்தது முதலிய பொத்தான்கள் ஒரே படத்தில் இரு வரிசைகளாக அமைந்தன: மேலே அழுத்தாத நிலை, கீழே அழுத்திய நிலை. ஒலியளவுப் பட்டையை 28 நிலைகளில் வரைய வேண்டும். நேரம் காட்டும் எண்கள் ஒவ்வொன்றும் 9-க்கு 13 படப்புள்ளிகள். பாட்டுக்கேற்பத் துள்ளும் அலைக்காட்சிக்கு 24 நிறங்கள், வரிக்கு ஒன்றாக ஒரு கோப்பில் குறிக்கப்பட்டன. சாளரத்தின் ஓரங்களை வெட்டி வேறு வடிவம் தர விரும்புவோர்க்குத் தனியே ஒரு கோப்பு உண்டு. நிரல் எழுதும் அறிவு எதற்கும் தேவைப்படவில்லை. விண்டோஸுடனேயே வரும் பெயின்ட் போதுமானதாக இருந்தது.

கட்டுப்பாடும் கடுமையானது. எந்தப் பொத்தானையும் இடம்பெயர்க்க இயலாது. புள்ளி வைத்துவிட்ட வாசலில் கோலமிடுபவரின் நிலைதான் ஸ்கின் வரைபவருக்கும். அந்தப் புள்ளிகளுக்குள்ளேயே மரப்பலகை வானொலிகள், விண்கலங்கள், கார்கள், திரைப்படக் காட்சிகள், ஜப்பானிய அனிமே பாத்திரங்கள் எனக் கணக்கற்ற தோற்றங்கள் உருவாயின. பொத்தானைப் பொத்தானாகவே காட்டாமல் ஓவியத்துக்குள் ஒளித்துவைத்தவர்களும் இருந்தனர். அவர்களுடைய ஸ்கின்களில் எங்கே அழுத்துவது என்பதைப் பழக்கத்தால் மட்டுமே அறிய முடியும். இடங்கள் மாறாதவை என்பதால் பழகிய கைக்கு அது இடராகவும் இல்லை.

இந்தத் திறந்த களத்துக்குள் ஒரு மூடிய கதவும் இருந்தது. பாட்டின் பெயரை ஓடவிடும் பகுதிக்குரிய எழுத்துகளும் படமாகவே வரையப்பட்டன. ஒவ்வொன்றும் 5-க்கு 6 படப்புள்ளிகள். அப்படத்தில் ரோமன் எழுத்துகளுக்கு இடமுண்டு, அதுவும் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற வேறுபாடின்றி. எண்களுக்கும் சில குறிகளுக்கும் இடமுண்டு. ஸ்வீடிய மொழி எழுத்துகள் மூன்றுக்கும் இடமுண்டு. தமிழுக்கோ தேவநாகரிக்கோ அரபிக்கோ கட்டமே இல்லை. 5-க்கு 6 என்ற அளவில் ‘ணூ’வையோ ‘ஞௌ’வையோ எழுதவும் இயலாது. பட எழுத்தை விலக்கிவிட்டுக் கணினியின் எழுத்துருவைக் கொள்ளும் தெரிவு அமைப்புகளில் இருந்தது உண்மையே. அதைத் தேர்ந்தால் ஸ்கின்னை வரைந்தவர் இழைத்துவைத்த எழுத்து மறைந்துபோகும். ஆக, தமிழ்ப் பாட்டின் பெயர் அந்த அழகுக்குள் நுழைய ரோமன் எழுத்தில்தான் வந்தாக வேண்டும். தோற்றத்தை மாற்றும் உரிமை யாவர்க்கும் வழங்கப்பட்டது. எந்த எழுத்துகள் தோன்றலாம் என்பது முன்பே முடிவுசெய்யப்பட்டிருந்தது. பயனர் சுதந்திரத்தின் பொற்காலமாக இக்காலத்தை ஏங்கி எழுதுவோர் இதைக் கணக்கில் கொள்வதில்லை.

2002 ஆகஸ்டில் வெளியான மூன்றாம் பதிப்பு பழைய தளைகளை அவிழ்த்தது. சாளரம் எந்த அளவிலும் எந்த வடிவிலும் இருக்கலாம். பொத்தான்கள் எங்கும் போகலாம். ஆனால் அதற்கு எக்ஸ்எம்எல் எழுத வேண்டும். நுட்பமான அசைவுகளுக்கு மாக்கி என்ற தனி நிரல்மொழியும் கற்க வேண்டும். வரையத் தெரிந்தவரின் கலையாக இருந்தது நிரலாளரின் தொழிலாக நகர்ந்தது. மென்பொருளும் கனத்துப்போனதால் பலர் இரண்டாம் பதிப்புக்கே திரும்பினர். 2003 டிசம்பரில் இரண்டையும் மூன்றையும் கூட்டி ஐந்து என்று எண்ணிட்டு நிறுவனம் வெளியிட்ட பதிப்பில் பழைய ஸ்கின்களும் புதியனவும் ஒருங்கே இயங்கின.

இதற்குள் பழைய ஸ்கின் அமைப்பு தன் மென்பொருளையே கடந்துவிட்டது. லினக்ஸில் இயங்கிய எக்ஸ்எம்எம்எஸ், பின்னர் ஆடேசியஸ் ஆகிய இயக்கிகள் அதே கோப்புகளை ஏற்றுக்கொண்டன. எவரும் தரநிலை என்று அறிவிக்காத ஒன்று, எளிமையின் வலிமையால் தரநிலையாயிற்று. 2013 நவம்பரில் வின்ஆம்பை நிறுத்தப்போவதாக ஏஓஎல் அறிவித்தது. அடுத்த ஜனவரியில் அது ரேடியோனமியின் கைக்குப் போயிற்று. அதற்குப் பின்னர் ஜோர்டன் எல்ட்ரெஜ் என்னும் நிரலாளர், பழைய வின்ஆம்பை இணைய உலாவிக்குள் மீட்டுருவாக்கி வெப்ஆம்ப் என்று பெயரிட்டார். இன்டர்நெட் ஆர்கைவ் சேர்த்துவைத்த ஸ்கின்களை இன்று அதன் வழியே உலாவியிலேயே திறந்து பார்க்கலாம். 2020-இல் அவர் தொடங்கிய ஸ்கின் அருங்காட்சியகம் 60,000-க்கும் மேற்பட்ட ஸ்கின்களை ஒரே சுவரில் தொங்கவிட்டது.

ஆய்வாளருக்குரிய வேலை இனிமேல்தான் இருக்கிறது. சுவரில் தெரிவது முகம் மட்டுமே. மூட்டைக்குள் இருப்பவை வேறு. பல ஸ்கின்களில் வரைந்தவர் தம் பெயரையும் நன்றியுரையையும் எழுதிவைத்த சிறு கோப்பு உண்டு. சிலவற்றில் ஸ்கின்னோடு தொடர்பே இல்லாத கோப்புகளும் சிக்கிக்கிடக்கின்றன. கையொப்பமே இல்லாதவையும் ஏராளம். அத்தகையவற்றுக்குக் காலம் கணிக்க எஞ்சியிருக்கும் சான்றுகளுள் ஒன்று, ஜிப் மூட்டை ஒவ்வொரு படத்துக்கும் எதிரே குறித்துவைக்கும் கடைசித் திருத்தத்தின் நாளும் நேரமும். அதுவும் வரைந்தவருடைய கணினிக் கடிகாரம் சொன்ன நேரமே. அவர் எந்த நாட்டு நேரத்தில் வாழ்ந்தார் என்பது அக்குறிப்பில் பதிவாவதில்லை.