இயற்கை ஒளிப்படவியல்

இயற்கை ஒளிப்படவியல் என்பது நிலத்தோற்றம், நீர்நிலைகள், தாவரங்கள், விலங்குகள், வானம் முதலியவற்றை அவை இருக்கும் இடத்திலேயே, இயல்பான நிலையில் பதிவு செய்யும் ஒளிப்படவியற் பிரிவு ஆகும். அறைக்குள் படம் எடுப்பவர் ஒளியையும் பொருளையும் தம் விருப்பப்படி அமைத்துக்கொள்ளலாம். இயற்கையைப் படம் எடுப்பவர் அவற்றுக்காகக் காத்திருக்க வேண்டும். ஆகவே இத்துறையில் ஒரு படத்தின் தரம் கருவியின் விலையை விட, தேர்ந்தெடுத்த நேரம், நின்ற இடம், பொறுமை ஆகியவற்றையே பெரிதும் சார்ந்துள்ளது. ஓரிடத்தில் சில நாட்களே தங்கும் பயணிகளுக்கு இது மிகவும் பொருந்தும்.

வரலாறு

1861 இல் கார்ல்டன் வாட்கின்ஸ் என்பவர் ஏறத்தாழ 18 அங்குலத்துக்கு 22 அங்குலம் அளவுள்ள கண்ணாடித் தகடுகளைக் கோவேறு கழுதைகளில் ஏற்றிச் சென்று, கலிபோர்னியாவின் யோசெமிட்டி பள்ளத்தாக்கைப் படம் எடுத்தார். அப்பள்ளத்தாக்கைப் பொதுமக்களின் பயனுக்காகப் பாதுகாக்கும் சட்டத்தில் ஆபிரகாம் லிங்கன் 1864 இல் கையெழுத்திட்டார். அதற்கு ஆதரவு திரட்டியதில் இப்படங்களுக்குப் பங்கு உண்டு எனக் கருதப்படுகிறது. 1871 இல் வில்லியம் ஹென்றி ஜாக்சன் எடுத்த யெல்லோஸ்டோன் படங்கள், மறு ஆண்டில் அப்பகுதி தேசியப் பூங்காவாக அறிவிக்கப்படத் துணைநின்றன.

தமிழ்நாட்டில் இத்துறையின் முன்னோடி மா. கிருஷ்ணன் (1912–1996) ஆவார். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகனான இவர், பல கருவிகளின் பாகங்களைச் சேர்த்துத் தாமே அமைத்துக்கொண்ட ஒளிப்படக்கருவியால் யானைகளையும் பிற காட்டுயிர்களையும் பெரும்பாலும் கறுப்பு-வெள்ளையில் படம் எடுத்தார்.

ஒளியும் நேரமும்

சூரியன் தாழ்ந்திருக்கும்போது அதன் ஒளி வளிமண்டலத்தில் நீண்ட தொலைவைக் கடந்து வருகிறது. வழியில் நீல ஒளி பெருமளவு சிதறிவிடுவதால், எஞ்சிய ஒளி பொன்னிறமாகத் தோன்றுகிறது. பக்கவாட்டில் விழும் இவ்வொளி நீண்ட நிழல்களை உண்டாக்கி, மலை மடிப்புகளையும் மணல் வரிகளையும் தெளிவாகக் காட்டும். நிலநடுக்கோட்டை அண்டிய நாடுகளில் சூரியன் ஏறத்தாழ செங்குத்தாக எழுந்து மறைவதால் இந்நேரம் குறுகியது. எனவே முதல் நாளே இடத்தைப் பார்த்து வைத்து, மறுநாள் விடியுமுன் அங்கு சென்று சேர்வது வழக்கம்.

நண்பகல் வெயிலில் வெளிச்சத்துக்கும் நிழலுக்கும் இடையே வேறுபாடு மிகுந்து, நுணுக்கங்கள் மறையும். மேகமூட்டமான நாளின் மென்மையான ஒளி காட்டின் உட்பகுதிக்கும் பூக்களுக்கும் ஏற்றது.

நுட்பங்கள்

* ஷட்டர் வேகம்: பறக்கும் பறவையை அசைவின்றிப் பதிய ஒரு நொடியில் 1/1000 பங்கு அல்லது அதைவிடக் குறைந்த நேரம் தேவைப்படலாம். அருவி நீரைப் பட்டுநூல் போலக் காட்ட முக்காலியின் உதவியுடன் ஏறத்தாழ அரை நொடி தேவைப்படும்.
* ஒளியளவு: கருவியின் ஒளிமானி எல்லாக் காட்சிகளையும் நடுத்தரச் சாம்பல் நிறமாகவே கணிக்கிறது. அதனால் பனியும் வெண்மணலும் மங்கலாகப் பதிவாகும். இதனைச் சரிசெய்ய ஒளியளவை ஒன்று அல்லது இரண்டு படிகள் கூட்ட வேண்டும்.
* முனைவாக்க வடிகட்டி: ஈர இலைகளிலும் நீர்ப்பரப்பிலும் தோன்றும் பளபளப்பைக் குறைக்கும், சூரியனுக்குச் செங்கோணத் திசையில் வானத்தின் நீலத்தைக் கூட்டும்.
* காட்சி அமைப்பு: பரந்த நிலத்தோற்றத்தில் பாறை, செடி போன்ற ஒன்று முன்னணியில் இருந்தால் தொலைவும் அளவும் விளங்கும். விலங்குகளை அவற்றின் கண்மட்டத்தில் எடுத்த படங்கள், நின்றவாறு கீழ்நோக்கி எடுத்தவற்றை விட இயல்பாக அமையும்.
* கருவிப் பாதுகாப்பு: குளிரூட்டிய அறையிலிருந்து வெப்பமான ஈரக்காற்றுக்குள் கொண்டுவரும் கருவியின் மீது நீர் படியும். கருவி வெளிவெப்பத்தை அடையும் வரை அதை மூடிய பையிலேயே வைத்திருப்பது நன்று.

நெறிமுறைகள்

படம் எடுக்கும் செயலே உயிரினங்களுக்குக் கேடாகக்கூடும். கூட்டை மறைக்கும் கிளையை விலக்கினால் குஞ்சுகள் வெயிலுக்கும் கொன்றுண்ணிகளுக்கும் இலக்காகும். தாய்ப்பறவை கூட்டைக் கைவிடவும் நேரலாம். அரிய உயிரினம் காணப்பட்ட இடத்தைப் படத்துடன் வெளியிடுவது வேட்டையாடுவோருக்கு வழிகாட்டிவிடும்.

படத்தின் நேர்மையும் முக்கியமானது. இலண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் நடத்தும் ஒளிப்படப் போட்டியில் 2009 ஆம் ஆண்டுக்கான முதற்பரிசு, வேலியைத் தாண்டும் ஓநாயின் படத்துக்கு வழங்கப்பட்டது. அவ்வோநாய் பழக்கப்பட்ட விலங்காக இருக்கக்கூடும் என நடுவர்கள் முடிவு செய்ததால், 2010 இல் அப்பரிசு திரும்பப் பெறப்பட்டது.

இந்தியாவின் 1972 ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, சரணாலயத்துள் செல்ல அனுமதி வழங்கப்படும் நோக்கங்களுள் ஒளிப்படம் எடுத்தலும் ஒன்று. வாழிடத்தை மாற்றாமலும், அதற்கோ காட்டுயிர்களுக்கோ பாதிப்பு நேராமலும் அது செய்யப்பட வேண்டும் என்ற நிபந்தனை 2022 ஆம் ஆண்டுத் திருத்தத்தில் சேர்க்கப்பட்டது.