காடும் ஊரும் கூடுமிடம்

டில்லியிலும் லக்னோவிலும் வாழும் நம்மில் பலர், கோடை வெயிலுக்கு அஞ்சி நைனிதாலையும் அல்மோராவையும் நாடிச் செல்கிறோம். அக்காலத்தில் மலைச்சரிவுகளில் புகை எழக் காண்பது அரிதன்று. ‘வெயில் மிகுந்தது, காடு பற்றியது’ என்று சொல்லி நகர்ந்துவிடுகிறோம். குமாவுன் மலைகளின் வரலாறோ வேறொன்றையும் கூறுகிறது.

இயற்கை அங்கே எரிபொருளைக் குவித்து வைக்கிறது என்பது உண்மையே. சிர் என்னும் பைன் மரத்தின் ஊசியிலைகள் கோடையில் உதிர்ந்து மெத்தைபோல் படிகின்றன. சரிவின் அடியில் மூண்ட தீ மேல்நோக்கி விரைந்தேறுகிறது. ஆயினும் முதற்பொறி பெரும்பாலும் மனிதன் கையிலிருந்தே பிறக்கிறது. மழைக்குமுன் சருகைக் கொளுத்தினால் மாட்டுக்குப் புதுப்புல் தழைக்கும் என்பது மலைமக்களின் நெடுநாள் வழக்கம்.

1911 முதல் 1917 வரை ஆங்கில அரசு இம்மலைகளில் பரந்த நிலப்பரப்பைக் காப்புக்காடாக்கியது. இரயில் பாதைக் கட்டைக்கும் பிசினுக்கும் சிர் மரம் வேண்டியிருந்தது. மேய்ச்சலுக்கும் தழை வெட்டுதற்கும் சருகெரித்தற்கும் தடை வந்தது. 1921 ஜனவரியில் பாகேசுவரத்தில் கூடிய மக்கள், கூலியின்றி வேலை வாங்கும் ‘பேகார்’ முறையின் பதிவேடுகளைச் சரயு ஆற்றில் எறிந்தனர். அவ்வாண்டுக் கோடையில் காடுகள் எரிந்தன. பல இடங்களில் வேண்டுமென்றே தீ வைக்கப்பட்டது. எரிந்தவை பெரும்பாலும் அரசுக்கு வருவாய் தந்த சிர்க் காடுகள். தீவனமும் எருவும் தந்த பாஞ்சு மரக் காடுகளை மக்கள் எரிக்க முற்படவில்லை. தமதெனக் கருதியதைக் காத்தனர். தம்மிடமிருந்து பறிக்கப்பட்டதைக் கொளுத்தினர்.

அரசும் இதனை உணர நேர்ந்தது. அவ்வாண்டே ஆணையர் விண்டாம் தலைமையில் அமைந்த குறைகேட்புக் குழுவின் பரிந்துரையால் சில தடைகள் தளர்ந்தன. 1931-இல் ஊரார் தாமே காட்டைப் பேணும் வனப் பஞ்சாயத்துகளுக்கு விதிகள் வகுக்கப்பட்டன.

எனினும் தீ ஓயவில்லை. 2016-லும் 2024-லும் உத்தராகண்டக் காடுகள் பெரிதும் எரிந்தன. இன்று பிழைப்புத் தேடி மலைமக்கள் சமவெளிக்கு இறங்கிவிட்டனர். உழவற்ற வயல்களில் புல்லும் புதரும் மண்டுகின்றன. சருகை அள்ளவும் தீயை அணைக்கவும் கைகள் குறைந்துவிட்டன. முன்பு மனக்குறை மூட்டிய தீ, இன்று ஆளின்மையால் பரவுகிறது.

ஊர்விட்டு ஊர்வந்த நமக்கு இது புரியாததன்று. அடுத்த கோடையில் அப்புகையைக் காணும்போது, வெயிலை மட்டும் பழிக்காமல், அச்சரிவில் கதவடைத்துக் கிடக்கும் வீடுகளையும் நாம் எண்ணிப் பார்ப்போமாக.