உலோகம் மிஞ்சும், துணி மக்கும்

விஸ்வநத்தத்தில் பட்டாசு ஆபீசுக்குப் புறப்படும் பெண்கள் பலர் தலையில் ஒரு துணியை இறுக்கிக் கட்டிக்கொள்கிறார்கள். மருந்துத் தூசிக்கும் முடிக்கும் நடுவே அதுதான் மறைப்பு. லட்சுமி வெடியின் லேபிளிலோ தேவி கிரீடத்தோடு இருக்கிறாள். தெய்வப் பெண்ணின் தலையில் உலோகம், உழைக்கும் பெண்ணின் தலையில் துணி. இந்த வேறுபாடு பழையது.

பண்டைய கிரேக்கர்கள் ஒரே வெண்கலத் தகட்டை அடித்து அடித்துக் கொரிந்தியத் தலைக்கவசத்தை உருவாக்கினார்கள். அது காப்பதோடு மிரட்டவும் வேண்டும். அதனால் உச்சியில் குதிரைமயிர்க் குஞ்சம் வைத்தார்கள். கிரீட் தீவில் கி.மு. 7ஆம் நூற்றாண்டில் செய்த வேறொரு தலைக்கவசத்தில், சிறகு முளைத்த இளைஞர்கள் பின்னிக்கிடக்கும் பாம்புகளைப் பிடித்து நிற்கிறார்கள். இவற்றை அணிந்து போருக்குப் போனவர்கள் ஆண்கள். ஆனால் ஏதென்ஸ் நாணயத்தில் தலைக்கவசம் அணிந்திருப்பவள் ஏதீனா என்ற பெண் தெய்வம். அவள் கவசத்தை ஒலிவ இலைகள் அலங்கரிக்கின்றன. அந்நகரத்துப் பெண்களுக்கோ மக்கள் அவையில் வாக்கு இல்லை.

நம் பக்கத்தில் தாமிரபரணிக் கரையில் இருக்கிறது ஆதிச்சநல்லூர். அலெக்சாண்டர் ரியா 1899 முதல் அங்கே தோண்டிய ஈமத்தாழிக் காட்டில் ஆயுதங்கள் இரும்பாக இருந்தன. வெண்கலம் பாத்திரங்களுக்கும் அணிகளுக்கும் பயன்பட்டது. அவற்றில் எருமையும் பறவையும் வார்த்திருந்தார்கள். தலைக்கவசத்துக்குப் பதில் நெற்றியில் கட்டும் மெல்லிய பொன்பட்டங்கள் கிடைத்தன. புள்ளி வேலைப்பாடு, இரு முனையிலும் நூல் கோக்கத் துளை.

அது யார் நெற்றி? பொன் என்றால் பெண், இரும்பு என்றால் ஆண் என்று சொல்லிவிடுவது எளிது. ஸ்வீடனின் பிர்காவில் வாளும் அம்பும் இரண்டு குதிரைகளும் புதைந்த கல்லறையை ஆண் வீரனுடையது என்றே நூறாண்டுக்கு மேல் எழுதிவந்தார்கள். 2017இல் மரபணு ஆய்வு அது பெண்ணின் எலும்பு என்று காட்டியது. எலும்பைக் கேட்கும் முன்பே ஆயுதத்தைப் பார்த்துத் தீர்ப்பு எழுதிவிட்டார்கள்.

அருங்காட்சியகத்தில் ஓர் உலோகத்தின் முன் நிற்கும்போது மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இதை அணிந்தவர் ஆண் என்று எதைக் கொண்டு சொல்கிறார்கள்? உலைக்கு விறகு சுமந்தவர் யார்? அவர் தலையில் என்ன இருந்தது?

சிவகாசிக்குப் பக்கத்து வெம்பக்கோட்டையில் 2022இல் அகழாய்வு தொடங்கியது. நாளை விஸ்வநத்தத்தையும் யாராவது தோண்டலாம். பூட்டு கிடைக்கும், தராசுக்கல் கிடைக்கும். தலைத்துணி கிடைக்காது. அதை இப்போதே நாம் எழுதி வைக்க வேண்டும்.