தலையில் பட்ட அடியும் காதுக்குள் சுற்றும் உலகமும்

தலை சுற்றுகிறது என்றால் நம் வீடுகளில் முதலில் பித்தம் என்பார்கள், அடுத்தது பிரஷர் என்பார்கள். காதை யாரும் நினைப்பதில்லை. ஐரோப்பிய வைத்தியர்களும் நெடுங்காலம் மூளையைத்தான் சந்தேகித்தார்கள். 1861-ல் பாரிஸ் மருத்துவர் புரோஸ்பர் மெனியேர்தான், காது இரைச்சலும் மந்தமும் சேர்ந்து வருகிற தலைசுற்றலுக்கு உட்காதே காரணம் என்று எடுத்துச் சொன்னார்.

அடுத்து வியன்னாவில் ராபர்ட் பாரனி. காதில் தண்ணீர் பீய்ச்சிக் கழுவும்போது, தண்ணீர் குளிர்ந்திருந்தால் நோயாளிக்குத் தலை சுற்றுவதையும், கண்கள் ஒரு பக்கமாக வெட்டி வெட்டி அசைவதையும் கண்டார். தண்ணீர் அதிகச் சூடாக இருந்தால் கண்கள் எதிர்ப்பக்கம் வெட்டின. இதை வைத்தே உட்காதைச் சோதிக்கும் முறையை உண்டாக்கினார். 1914-ம் ஆண்டுக்கான நோபல் பரிசு கிடைத்த சேதி வந்தபோது, அவர் ரஷ்யாவில் போர்க்கைதியாக இருந்தார்.

நோயைச் சோதிக்க வழி வந்தது, தீர்க்க வழி? இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இங்கிலாந்தில், தலையில் அடிபட்ட பலருக்குக் காயம் ஆறியும் கிறுகிறுப்பு போகவில்லை. தலை சுற்றினால் அசையாமல் படுக்கத்தான் யாருக்கும் தோன்றும். டெரன்ஸ் காதோர்ன், குக்ஸி என்ற இரு மருத்துவர்கள் அவர்களை அசைய வைத்தார்கள். முதலில் படுக்கையிலேயே கண்ணை மேலும் கீழும் உருட்டுவது, பிறகு தலையைத் திருப்புவது, உட்கார்ந்து எழுவது, பந்தைத் தூக்கிப் போட்டுப் பிடிப்பது, கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு நடப்பது. பழுதான காது அனுப்பும் தப்புச் சேதியைச் சரிக்கட்ட மூளை கற்றுக்கொள்ள வேண்டும். அசைந்தால்தான் அந்தப் பாடம் ஏறும்.

இன்னொரு வகையும் உண்டு. படுக்கையில் புரண்டால் சில விநாடி அறையே சுழலும். உட்காதில் கண்ணுக்குத் தெரியாத சுண்ணாம்புத் துகள்கள் ஒட்டியிருக்கின்றன. தலையில் அடிபட்டாலோ, வயதானாலோ அவை உதிர்ந்து அரைவட்டக் குழாய்க்குள் புகுந்துவிடும். தலையை ஒரு வரிசையில் திருப்பித் திருப்பி அவற்றை வெளியே உருட்டிவிடலாம் என்று 1980-ல் சொன்னவர் அமெரிக்காவின் ஜான் எப்ளி. கத்தி வேண்டாம், மருந்து வேண்டாம், சில நிமிடம் போதும். அதனாலேயோ என்னவோ சக மருத்துவர்கள் நம்பவில்லை. அவருடைய கட்டுரை அச்சேறியது 1992-ல்தான். இன்று இது உலகமெங்கும் செய்யப்படுகிறது.

நம் வயதில் குளியலறையில் வழுக்கி விழுவது புதிதல்ல. தலையில் அடிபட்டால் முதலில் மருத்துவரிடம் போய், உள்ளே இரத்தக்கசிவு இல்லை என்று உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும். அதன் பிறகும் சுற்றல் நீடித்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். "வயசாயிடுச்சு, இனி இப்படித்தான்" என்று பயந்து நாற்காலியோடு ஒடுங்கிவிட வேண்டாம். கால் தளர்ந்து, அடுத்த விழுகைக்கு அதுவே வழி செய்யும்.