தொழில் விசா, வேலை விசா (சென்னை)

இந்தியாவில் தொழில் தொடங்கும் வெளிநாட்டவருக்குத் தனியான வேலை அனுமதிச்சீட்டு கிடையாது, விசாவே அனுமதி. முதலீடு, கொள்முதல், கூட்டுத்தொழில் பேச்சு ஆகியவற்றுக்குத் தொழில் விசா. இந்திய நிறுவனத்தில் சம்பளத்துக்குப் பணிபுரிய வேலை விசா வேண்டும். முதலாவதில் வந்து இரண்டாவதன் வேலையைச் செய்வதே வழக்கமான சிக்கல். திட்டப்பணிகளுக்குத் தொழில் விசாவில் ஆட்கள் வரவழைக்கப்பட்டதை அடுத்து, 2009-இல் உள்துறை அமைச்சகம் இரண்டுக்குமான எல்லையைக் கறாராக வரையறுத்தது. வேலை விசாவுக்கு ஆண்டுக்கு ரூ.16.25 லட்சம் சம்பளம் பொதுவான குறைந்தபட்ச வரம்பு. தத்தம் நாட்டு உணவைச் சமைக்கும் சமையல்காரர்களுக்கு விலக்கு உண்டு. ஹூண்டாயைத் தொடர்ந்து கொரிய உணவகங்கள் பெருகிய சென்னைக்கு இது வெறும் ஏட்டு விதியல்ல.

180 நாளுக்கு மேற்பட்ட வேலை விசாவில் வருபவர் 14 நாளுக்குள் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் பதிய வேண்டும். சென்னையில் அது நுங்கம்பாக்கம் சாஸ்திரி பவனில் இயங்கி வந்தது. 2018 முதல் பெரும்பாலான வேலை இணையவழியே நடக்கிறது. அவர் விடுதியில் தங்கினாலும் வாடகை வீட்டில் இருந்தாலும், இடமளிப்பவர் 24 மணி நேரத்துக்குள் அந்தப் பதிவு அலுவலகத்துக்குத் தகவல் தரவேண்டும். வீட்டுக்காரர்கள் பலர் அறியாத கடமை இது. வெளிநாட்டுப் பெருமுதலீட்டாளருக்கோ 2016-இல் நிரந்தரக் குடியிருப்புத் தகுதி அறிவிக்கப்பட்டது: 18 மாதத்தில் ரூ.10 கோடி அல்லது 36 மாதத்தில் ரூ.25 கோடி முதலீடு, உடன் ஆண்டுதோறும் 20 இந்தியருக்கு வேலை.